கண் துடித்தால் என்ன?

(வத்திராயிருப்பில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று மாலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி இந்தக் கூட்டத்திற்கு நடந்து வருகிற வழியில், என்னுடன் வந்த தோழர் ஒருவர், தமக்கு மூன்று நாளாக இடது கண் துடித்துக்கொண்டே இருப்பதாகவும், ஏதோ கெடுதி வரப்போகிறதென்று வீட்டில் பயப்படுகிறார்களென்றும் சொன்னார். அவர் நமது இயக்கத்தில் இருபது வருஷமாக இருப்பவர். சாமி இல்லையென்று யாரிடத்திலும் வாதாடுவார். ஆனால் கண் துடித்தால் மாத்திரம் அவருக்கு அடிவயிறு கலங்குகிறது. அவருடைய சம்சாரத்திற்கு அதே இடது கண் துடித்திருந்தால் வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஏனென்றால் ஆணுக்கு வலது நன்மை, பெண்ணுக்கு இடது நன்மை என்பது சாஸ்திரம். ஒரே இமை, ஒரே தசை, ஒரே துடிப்பு. வேஷ்டி கட்டியவனுக்கு ஒரு பலன், சேலை கட்டியவளுக்கு வேறொரு பலனென்றால் இது கண்ணைப் பற்றிய சாஸ்திரமா, துணியைப் பற்றிய சாஸ்திரமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் அவரைக் கேட்டேன்: "மூன்று நாளாகச் சரியாகத் தூங்கினீரா?" என்று. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரியில் கரண்டு வருகிறதென்றும், விடிய விடியக் காட்டில் இருந்து எட்டு டீ குடித்ததாகவும் சொன்னார். அவ்வளவுதான் விஷயம். தூக்கக் குறைவும், களைப்பும், டீ காப்பியும் மிதமிஞ்சினால் இமையைச் சுற்றியிருக்கும் மெல்லிய தசைக்குப் போகிற நரம்பு தானாகவே சிமிட்டிச் சிமிட்டிக் கட்டளை அனுப்பும். இரண்டு ராத்திரி தூங்கினால் பெரும்பாலும் போய்விடும். ஆகவே இன்று பேசுவதாக நினைத்து வந்த விஷயத்தை விட்டுவிட்டு, தசையைப் பற்றியே பேசுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

நான் வைத்தியம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவன். புஸ்தகங்களைப் படித்தும், தெரிந்த டாக்டர்களைத் தொந்தரவு செய்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுகிறேன். எனவே நான் சொல்லுவதை அப்படியே நம்ப வேண்டாம். முடிந்த மட்டும் உங்கள் கையிலும் காலிலும் சோதித்துப் பாருங்கள். சோதிப்பதற்கு வெளியில் ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை.

தசையென்றால் என்ன? கறிக்கடையில் நாம் கறி என்று வாங்குகிறோமே, அதுதான் தசை. வெந்த கறியைப் பிய்த்தால் நார் நாராக வருகிறதல்லவா? நம்முடைய தசையும் அப்படியேதான். எலும்போடு ஒட்டி, நாம் நினைத்தபோது அசைகிற தசைகள் மாத்திரம் மனித சரீரத்தில் 600க்கு மேல் இருக்கின்றன. திடமான ஆண் ஒருவனுடைய எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு இதுதான். இதைத் தவிர, நம்மைக் கேளாமலே வேலை செய்கிற தசைகள் குடலிலும் இரத்தக் குழாயிலும் கர்ப்பப்பையிலும் இருக்கின்றன. இருதயமென்பதும் ஒரு தசையே. அது நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 தடவை சுருங்கி விரிகிறது. அதற்கு லீவு கிடையாது. பண்டிகை போனஸும் கிடையாது.

இப்பொழுது எல்லோரும் வலது கையை மடக்குங்கள். இடது கையால் மேல் புஜத்தைத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் உருண்டு திரளுகிறது. இனி கையை அழுத்தி நீட்டுங்கள். இப்பொழுது பின்பக்கம் இறுகுகிறது, முன்பக்கம் தளருகிறது. இதிலிருந்து ஒரு பெரிய உண்மை தெரிகிறது. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. நீங்கள் ஒரு வண்டியைத் தள்ளும்போதுகூட, உள்ளே நடப்பதெல்லாம் எலும்பைத் தசை இழுப்பதுதான். அதனால்தான் மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று தசைகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஏற்றச்சாலில் ஒரு பக்கம் ஏற மறுபக்கம் இறங்குமே, அதுபோல.

எப்படி இழுக்கிறது? இதை விளக்க ஒரு உபமானம் வேண்டும். நாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருப்பதால் தேரையே எடுத்துக்கொள்ளுகிறேன். கோவில்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆடிப்பூரத்தன்று ஆயிரக்கணக்கான ஜனங்கள் வடத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு கை பிடித்து இழுத்து, விட்டு, கொஞ்சம் முன்னால் தள்ளி மறுபடியும் பிடித்து இழுக்கிறது. எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் விட்டுவிடுவதில்லை. சில விடும்போது சில பிடித்திருக்கின்றன. வடம் குட்டையாவதில்லை, கையும் குட்டையாவதில்லை, ஆனாலும் தேர் நகருகிறது. தசை நார் ஒவ்வொன்றுக்குள்ளும் நடப்பது இதேதான். ஆக்டின் என்கிற மெல்லிய இழைதான் வடம். மயோசின் என்கிற தடித்த இழையில் ஏறக்குறைய 300 சிறு தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவைதான் கைகள். இப்படிப்பட்ட வடமும் கைகளும் சேர்ந்த அறைகள் ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுமார் 400 வரிசையாக நிற்கின்றன. 1954ல் இதை இரண்டு கூட்டத்தார் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒரு கூட்டத்தில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கும். இன்னொரு கூட்டத்தில் ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் என்ற பெண்மணியும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினரல்ல. அதற்கு முன்னே தசை எப்படிச் சுருங்குகிறதென்பது உலகத்தில் எந்தப் பண்டிதனுக்கும் நிச்சயமாகத் தெரியாது. எல்லாம் தெரிந்த ரிஷிகளுக்கும் தெரியாது.

தேரென்றதும் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. சிவகங்கை ஜில்லாவில் கண்டதேவி என்ற ஊரில், தாழ்த்தப்பட்ட மக்களும் வடம் பிடிக்க வேண்டுமென்று 1998ல் கிளம்பிய தகராறினால் தேர் பல வருஷம் ஓடாமல் நின்றது. ஹைகோர்ட் தலையிட்ட பிறகு 2024 ஜூன் மாதத்தில்தான் ஓடிற்று. வடத்தைப் பிடிக்கிற கைக்கு ஜாதி உண்டென்கிறவர்கள், அந்தக் கைக்குள்ளே வடம் பிடிக்கிற 300 கைகளுக்கும் ஜாதி பார்த்துச் சொல்லட்டும். பிரம்மாவின் தலையில் பிறந்தவனுடைய தசையையும் காலில் பிறந்தவனுடைய தசையையும் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் எது எதென்று அந்தப் பிரம்மாவாலேயே சொல்ல முடியாது. ஒரே ஒரு வித்தியாசம் தெரியலாம். நாற்று நட்டு, மூட்டை தூக்கி, தென்னை ஏறியவனுடைய நார் தடித்திருக்கும். உட்கார்ந்து தின்றவனுடையது மெலிந்திருக்கும்.

மயோசின் கை ஒவ்வொரு தடவையும் வடத்தை விடுவதற்கு ஏ.டி.பி. என்கிற எரிபொருள் வேண்டும். கவனியுங்கள்: பிடிப்பதற்கல்ல, விடுவதற்கு. செத்தவுடன் இந்த எரிபொருள் உற்பத்தி நின்று போகிறது. பிடித்த கைகள் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. அதனால்தான் பிணம் சில மணி நேரத்தில் விறைக்கிறது. பிறகு ஒரு நாள், ஒன்றரை நாளில் தசையே அழுக ஆரம்பிக்கும்போது தளர்ந்துவிடுகிறது. நம்மைப்போன்ற வெய்யில் தேசத்தில் இன்னும் சீக்கிரம். "ஆசை தீராமல் போனான், அதனால்தான் கையை மடக்கிக்கொண்டிருக்கிறான்" என்று நமது பாட்டிமார் சொல்லுவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இந்த ஊரில் பேசிக்கொண்டு சதுரகிரியைச் சொல்லாமலிருக்க முடியாது. அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாக மலையேறிய பக்தர்கள் திரும்பி வந்து இரண்டு நாள் படியிறங்க முடியாமல் தவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறினதால் வந்த வலியென்று நினைக்கிறார்கள். சிலர் மகாலிங்கத்தின் சோதனை என்கிறார்கள். உண்மையில் அந்த வலியில் பெரும்பங்கு இறங்கினதால் வந்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ, உடம்பு தடாலென்று விழாமல் தாங்கிக்கொண்டே நீளுகிறது. பிடித்த கையைப் பிடுங்கியிழுத்தாற்போலே உள்ளே நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதனால் அன்றைக்கு வலிக்காமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினவர்களுக்கு இவ்வளவு வருவதில்லை. மலையில் சுமை தூக்குகிற கூலித் தோழர் வாரம் மூன்று தடவை ஏறி இறங்குகிறார். அவரை மகாலிங்கம் சோதிப்பதில்லை போலிருக்கிறது.

இடுப்புப் பிடித்துக்கொண்டால் காலால் பிறந்தவனைத் தேடிப்பிடித்து மிதிக்கச் சொல்லுகிறோம். நானே சிறுவயதில் ஒரு பாட்டியை இப்படி மிதித்திருக்கிறேன். நான் காலால் பிறந்தவனாம். அந்தப் பாட்டிக்கு நான்கு நாளில் குணமாயிற்று. எனக்கு ஒரு பலகாரப் பொட்டலம் கிடைத்தது. சாதாரண இடுப்புப் பிடிப்பு மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் தானே தீரக்கூடியது. மிதித்த பிறகு தீர்ந்ததால் மிதித்ததால் தீர்ந்ததென்று நினைக்கிறோம். ஆனால் காலில் உணர்ச்சி மரத்துப்போனாலும், ஒண்ணுக்குப் போவது தடைப்பட்டாலும் அது தசைப்பிடிப்பல்ல, நரம்பு நசுங்குவது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நிலையில் ஒருவனை மிதிப்பது கொலைக்குச் சமம்.

இதையெல்லாம் நமது முன்னோர் ஏன் கண்டுபிடிக்கவில்லையென்று கேட்கலாம். ஆரம்பத்தில் சிலர் பார்த்தே இருக்கிறார்கள். சுசுருதர் பெயரால் வழங்கும் வைத்திய நூலில், பிணத்தைப் புல்லால் சுற்றி ஓடுகிற தண்ணீரில் ஏழு ராத்திரி ஊறவைத்து, பிறகு மெல்லத் தேய்த்துத் தோலையும் தசையையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுமென்று எழுதியிருக்கிறது. தசைகள் 500 என்றும், பெண்களுக்கு 20 அதிகமென்றும் கணக்கும் இருக்கிறது. கணக்கு பிசகாக இருக்கலாம். பார்த்துச் சொன்னான், அதற்காக அவனைப் பாராட்டுகிறேன். பின்னால் வந்தவர்கள் பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றார்கள். தொடுகிறவன் இழிஜாதியானான். ஊரில் சிரங்கைக் கீறி, கட்டுப்போட்டு வந்த நாவிதரையும், பிரசவம் பார்த்த அவர் வீட்டு அம்மாளையும் வீட்டுக்குள் விடாமல் வைத்தார்கள். புஸ்தகம் ஒருவனிடத்திலும் உடம்பு வேறொருவனிடத்திலுமாகப் பிரிந்தது. பிறகு 1836ல் கல்கத்தா மெடிக்கல் காலேஜில் மதுசூதன குப்தா என்பவர் துணிந்து மனிதப் பிணத்தை அறுத்துப் படிக்கிற வரையில் அந்தக் கதவு மூடியே கிடந்தது.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

தசை தானாக இழுக்காது. அதற்கு நரம்பு கட்டளை கொடுக்க வேண்டும். கால்வானி என்ற இத்தாலியர் செத்த தவளையின் காலில் மின்சாரம் பட்டதும் அது உதைத்ததைக் கண்டு 1791ல் எழுதினார். நரம்பில் ஓடுவதும் ஒருவித மின்சாரமே. ஆனால் அது நேரே தசைக்குள் போவதில்லை. நரம்பு முடிகிற இடத்திற்கும் தசைக்கும் நடுவில் மயிரிழையிலும் மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. அங்கே நரம்பு ஒரு ரசத்தைக் கக்குகிறது. அந்த ரசம் பட்டதும்தான் தசை சுருங்குகிறது. ஆற்றுக்கு இக்கரையில் கட்டளை வந்து நின்று, பரிசலில் ஏறி அக்கரை போகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசல் போகாவிட்டால் கட்டளையிருந்தும், பலமுள்ள தசையிருந்தும் பயனில்லை.

நல்லபாம்பின் விஷமும் கட்டுவிரியனின் விஷமும் அந்தப் பரிசல் துறையைத்தான் அடைக்கின்றன. நல்லபாம்பு விஷம் அக்கரையை அடைக்கிறது. கட்டுவிரியன் விஷம் இக்கரைத் துறையையே நாசம் செய்கிறது.

தோழர்களே! எனக்குப் பதினான்கு வயது நடந்தபோது என் அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. அறுவடைக் காலம். நெல்லுக் காவலுக்குக் களத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தான். ராத்திரி மூன்று மணி சுமாருக்கு எழுந்து வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கிறதென்றான். அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அதை அவனால் விழுங்க முடியவில்லை. பேச்சுக் குழறிற்று. கண் இமைகள் இரண்டும் கீழே விழுந்தன. உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை. களத்தில் முனி அடித்துவிட்டதென்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மந்திரிக்கிற ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வேப்பிலையால் அடித்து, "கண்ணைத் திறடா, கண்ணைத் திறடா" என்று அதட்டினார். இமையைத் தூக்குவதற்கென்றே ஒரு தசை உண்டு. அதற்குக் கட்டளை போய்ச் சேரவில்லை. அவன் எப்படித் திறப்பான்? விடிவதற்குள் மூச்சு நின்றது.

பல வருஷங்களுக்குப் பிறகு கட்டுவிரியனைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. தரையில் படுத்தவர்களைத் தூக்கத்தில் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அனேகமாக இருப்பதில்லை. பல்லுக்குறிகூடத் தெரியாமல் போகலாம். முதலில் வயிற்று வலி, பிறகு இமை விழுவது, விழுங்க முடியாமை, பேச்சுக் குழறுவது, கடைசியில் மூச்சுத் தசை நிற்பது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரத்துணி போல ஒரு தசை இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 20,000 தடவை அது இழுப்பதால்தான் நாம் மூச்சு வாங்குகிறோம். அது நின்றால் சாவு. இதில் கொடுமை என்னவென்றால், தசைகளெல்லாம் நின்ற பிறகும் மூளைக்கு அறிவு இருக்கும். காது கேட்கும். என் அண்ணனுக்கு நாங்கள் பேசினதெல்லாம் கேட்டிருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ஒரு கண் துடித்ததற்கு வீடு பூராவும் உட்கார்ந்து பலன் பார்க்கிறோம். இரண்டு இமையும் விழுந்தபோது அதைப் படிக்க எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மந்திரித்துப் பிழைத்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். நம்மைக் கடிக்கிற பாம்புகளில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப்பாம்பு கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்குவதில்லை. அவர்கள் புளியமரத்தைச் சுற்றி வந்தாலும் பிழைத்திருப்பார்கள். அந்தக் கீர்த்தியையெல்லாம் மந்திரக்காரர் வாங்கிக்கொள்ளுகிறார். செத்தவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது வருஷத்திற்குச் சுமார் 58,000 பேர் என்று 2020ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள்.

மருந்து இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே ஊசிமருந்து. பாம்பின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் மாற்றுச் சத்தை எடுத்துச் செய்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978ல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த இருளர்கள். ஊருக்குள் சேர்க்கப்படாத ஜனங்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023ல் சர்க்கார் பத்மஸ்ரீ கொடுத்தது.

கட்டுவிரியன் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நரம்புத் துறை நாசமான பிறகு ஊசி போட்டால் அது உடனே திரும்பிவிடாது. துறை புதிதாகக் கட்டப்படுவதற்கு நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஆனால் கட்டப்பட்டுவிடும். அதுவரையில் வென்டிலேட்டர் என்கிற யந்திரம் அவனுக்காக மூச்சு விட வேண்டும். அவ்வளவுதான் தேவை. செத்தவன்போல் கிடந்தவர்கள் இப்படி எழுந்து வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார்கள். ஆகையால் ராத்திரியில் தரையில் படுத்தவருக்குக் காரணம் தெரியாமல் வயிறு வலித்து, இமை விழுந்தால் காயத்தைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். 108க்குச் சொல்லுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், நடக்க விடாதீர்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். போகிற வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போங்கள். யாருடைய வாய், என்ன ஜாதி என்று பார்க்க அப்பொழுது நேரமிராது.

கூடுமானவரை கட்டிலில் படுங்கள். அதற்கு வசதியில்லாதவர்கள் கொசுவலை கட்டி, வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். எங்கள் வீட்டில் நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். என் அம்மாவுக்கு இப்பொழுது எழுபத்தைந்து வயதாகிறது. அவள் வலைக்குள்ளே தலைமாட்டில் ஒரு விபூதிப் பொட்டலமும் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். ராத்திரியில் நான் எழுந்து போய்ப் பார்ப்பதுண்டு. வலையின் ஓரம் சரியாகச் செருகியிருக்கிறதா என்று மாத்திரம் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.